உதட்டில் சுண்ணாம்பு

தோழர்களே, தோல்ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியைக் கண்டதுண்டா? உப்பிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வண்டி வண்டியாய் வந்திறங்கும். உப்புப் போகக் கழுவுவர். சுண்ணாம்பு கரைத்த தொட்டியில் ஊறப்போடுவர். சில நாள் கழித்து எடுத்து, வளைந்த மரக்கட்டையின்மேல் விரித்து, மழுங்கிய கத்தியால் வழித்தால், வேரூன்றி நின்ற மயிர் சேறுபோல் வழுக்கிக்கொண்டு வரும். ஆவாரம்பட்டையும் குரோமியமும் அதன் பிறகுதான். மயிர் போகாத தோல் சந்தைக்கு ஆகாது. வாலாஜா, இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாய் நடக்கும் தொழில் இது. எங்கள் காவேரிப்பாக்கத்திலிருந்தும் அந்த வேலைக்குச் செல்வோர் உண்டு.

அப்படிச் செல்லும் ஒருவரின் மகள் என் மாணவி. பத்தாம் வகுப்பு. கணக்கில் முதல், பேச்சில் கடைசி. மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் துப்பட்டாவின் முனையால் வாயைப் பொத்தியபடி வந்தாள். விலக்கச் சொன்னேன், விலக்கினாள். மேலுதடு வெந்து தோலுரிந்து நீர்கோத்துக் கிடந்தது. வகுப்பில் சில பையன்கள் அவளைக் "கட்டபொம்மன்" என்று அழைத்துவந்தது எனக்குத் தெரியும். இரண்டொரு முறை அதட்டினேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவளோ வேறு வழி கண்டிருந்தாள். வெற்றிலைச் சுண்ணாம்பை மேலுதட்டில் அப்பிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இரவில் அரைமணி நேரம் இருந்திருக்கிறாள்.

"ஆட்டு மயிரே போகுது, என் மயிர் போகாதா டீச்சர்?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று விடை இல்லை. வெட்கம்தான் இருந்தது. அதன்பின் பல மாதங்கள் நூலகத்தில் தேடியதன் பயனே இக்கட்டுரை. தேடத் தேட ஒன்று விளங்கிற்று. அந்தச் சிறுமி அறிவிலி அல்லள். உலகின் மிகப் பழைய வேதியியல் சோதனைகளுள் ஒன்றைத் தனியே, இருட்டில், தன் முகத்தின்மீதே செய்து பார்த்தவள்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். மயிர் என்று எழுதினால் முகம் சுளிக்கும் வாசகர் இன்று உண்டு. வள்ளுவர் கூசாது ஆண்ட சொல் அது. அதை வசைச்சொல்லாக்கி, முடி என்னும் மாற்றுச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டவர்கள் நாம். பொருளைக் கண்டு கூசுகிறவன்தான் முதலில் சொல்லைக் கண்டு கூசுகிறான். நான் மயிர் என்றே எழுதுகிறேன்.

பழந்தமிழ்ப் புலவர்கள் இதில் நம்மைவிடத் துணிந்தவர்கள். பெண்ணை அடிமுதல் முடிவரை புனைந்து பாடும் மரபில், கொப்பூழிலிருந்து மேலேறும் மெல்லிய மயிரொழுங்குக்கு ஓர் இடம் உண்டு. அதை எறும்பின் வரிசை என்றும் கருங்கொடி என்றும் உவமித்துப் பாராட்டினர். இருபதாம் நூற்றாண்டுக்கு வாருங்கள். 1961ஆம் ஆண்டு ஃபெரிமன், கால்வே என்னும் இரு ஆங்கில மருத்துவர்கள் பெண்ணுடலில் மயிர் வளர்ச்சியை அளந்து மதிப்பெண் இடும் முறை ஒன்றை வகுத்தனர். அதிலிருந்து கிளைத்து இன்று மருத்துவமனைகளில் வழங்கும் அளவுகோலில் ஒன்பது இடங்கள். மேலுதடு ஒன்று, தாடை ஒன்று, வயிற்றின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் தனித்தனியே இரண்டு. புலவன் போற்றிய அதே இடம் மருத்துவன் ஏட்டில் மதிப்பெண் பெறுகிறது. அழகு நிலையத்தில் மெழுகு பூசிப் பிடுங்கப்படுகிறது. மயிர் மாறவில்லை. பார்த்த கண் மாறியது.

கண்ணை மாற்றியவர் யார்? ஒருவர் அல்லர். ஆயினும் நம் நாட்டுக் கணக்கில் முதற்பற்று மனுவின் பெயரில்தான் எழுத வேண்டும். மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் மணக்கத் தகாத கன்னியரைப் பட்டியலிடுகிறது. உடலில் மயிரே இல்லாதவள் ஆகாள். மயிர் மிகுந்தவளும் ஆகாள். நோயுற்றவள் ஆகாள், வாயாடி ஆகாள். அடுத்த சுலோகம் இன்னும் மேலே போகிறது: விண்மீன், மரம், ஆறு, மலை, பறவை ஆகியவற்றின் பெயர் பூண்டவளும் ஆகாளாம். காவேரிப்பாக்கத்தில் காவேரி என்று பெயர் வைத்த தந்தையரே, கேட்டீர்களா? உம் மகள் முகம் நிலவுபோல் மழமழவென்றிருந்தாலும் மனுவின் பெண் பார்க்கும் படலத்தில் அவள் பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே தோற்றாள்!

ஆற்றுப்பெயர் விலக்கை எவரும் கைக்கொள்ளவில்லை. கங்கையும் யமுனையும் கோதாவரியும் மணமேடை ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மயிர் விலக்கை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டனர். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பிருகத் சம்ஹிதையில் பெண்களின் அங்க இலக்கணம் கூறும் பகுதி ஒன்று உண்டு. மேலுதட்டில் மயிர் அடர்ந்தவள் கணவனுக்கு நன்மையாகாள் என்கிறது அது. சாமுத்திரிகம் என்ற பெயரில் இவ்வகைச் சரக்கு பின்னாளில் மலிவுப் பதிப்பாய்ச் சந்தைக்கு வந்தது. இன்றும் பெண் பார்க்க வரும் கிழவியின் கண், பெண்ணின் காதுத் தோட்டிலிருந்து இறங்கி மேலுதட்டில் ஒரு நொடி தங்குகிறதே, அந்த நொடிக்கு வயது ஆயிரத்து ஐந்நூறு.

பெண்ணின் மயிர் பெண்ணுக்குச் சொந்தமாயிருந்த காலம் எது? கணவன் உயிரோடிருக்கும்வரை தலையில் நீண்டு வளர வேண்டும். அவன் மாண்டால், சில சாதிகளில், அதை மழித்து மூலையில் உட்கார வேண்டும். முகத்திலோ என்றும் தலைகாட்டவே கூடாது. எங்கே வளர வேண்டும், எப்போது உதிர வேண்டும் என்பதற்கெல்லாம் ஆணை பிறப்பித்தவர் வேறு. கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளுங்கள் என்று பெரியார் பெண்களிடம் சொன்னபோது அன்றைய பெரியமனிதர்கள் துள்ளியது ஏன் என்பது இதை எண்ணும்போது எனக்கு விளங்குகிறது. கத்தரிக்கோல் யார் கையில் என்பதே அங்கே வழக்கு.

தாடி ஆண்மையின் அரசமுத்திரை என்னும் எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தை ஆண்ட அரசி ஆட்செப்சுட், அரியணைக்குரிய ஒட்டுத்தாடியோடு சிலைகளில் காட்சி தருகிறாள். ஒட்டிக்கொண்ட தாடி அரசியாக்கிற்று. தானே முளைத்த தாடியோ மற்றப் பெண்களைக் காட்சிப்பொருளாக்கிற்று. 1631இல் நேப்பிள்சு நகரில் ஓவியர் ரிபேரா, மக்தலேனா வெந்தூரா என்பவளை வரைந்தார். நெஞ்சுவரை வழியும் கருந்தாடி, கையில் பால்குடிக்கும் குழந்தை, பின்னால் இருளில் சோர்ந்த முகத்தோடு கணவன். இயற்கையின் விந்தை என்று படத்திலேயே கல்வெட்டுப்போல் எழுதியிருக்கிறது. அவள் விழிகள் நம்மை நேரே நோக்குகின்றன. நோக்குவதற்குத்தானே வந்தாய், நோக்கு, என்பதுபோல்.

அண்டையிலுள்ள பர்மாவில் நடந்ததைக் கேளுங்கள். 1826இல் ஆங்கிலத் தூதராக ஆவா அரசவைக்குச் சென்ற கிராஃபர்டு, உடல் முழுதும் நீண்ட மென்மயிர் மூடிய சுவே மௌங் என்பவனைக் கண்டு எழுதினார். சிறுவயதிலேயே அரசனுக்குப் பரிசுப்பொருளாய் அளிக்கப்பட்டவன் அவன். அவன் மகள் மாபூனுக்கும் அதே உடல். 1855இல் சென்ற ஹென்றி யூல் அவளையும் கண்டார். பண்பும் அடக்கமும் உள்ள தாயாகக் கண்டார். மண்டலே வீழ்ந்த மறு ஆண்டே, 1886இல், அக்குடும்பம் ஐரோப்பியக் காட்சி மேடைகளில் நின்றது. அரசன் அவையில் வேடிக்கை, அரசு கவிழ்ந்ததும் கட்டணத்துக்கு வேடிக்கை. மரபணு வழி வரும் மிக அரிய நிலை அது. என் மாணவிக்கு இருந்ததோ முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பியதால் வந்த கேடு பெரிது.

எல்லாவற்றினும் கொடிது ஜூலியா பாஸ்த்ரானாவின் கதை. 1834இல் மெக்சிகோ நாட்டுப் பழங்குடியில் பிறந்தவள். முகமெங்கும் மயிர்; தடித்த ஈறுகள். பாடுவாள், ஆடுவாள், தன் தாய்மொழிக்கு மேல் வேறு மொழிகளும் பேசுவாள். அவளைக் குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டவள் என்று சுவரொட்டி அடித்துக் காட்டியவன் தியோடர் லெந்த். வருமானம் கைநழுவாதிருக்க அவளையே மணந்தான். 1860இல் மாஸ்கோவில் அவள் ஓர் ஆண்மகவை ஈன்றாள். குழந்தைக்கும் அதே உடல். இரண்டு நாளும் தாங்கவில்லை. சில நாட்களில் தாயும் மறைந்தாள். கணவன் என்ன செய்தான்? அழுதானா? புதைத்தானா? இருவர் உடலையும் பதனிடச் செய்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி, ஊர் ஊராய்க் காட்டிக் காசு சேர்த்தான்! பிறகு தாடியுள்ள இன்னொரு பெண்ணைத் தேடி மணந்து, இறந்தவளின் தங்கை என்று அவளையும் மேடையேற்றினான். ஜூலியாவின் உடல் கைமாறிக் கைமாறி நார்வே நாட்டுக்குப் போய், திருட்டும் போய், மீண்டும் கிடைத்து, 2013ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில்தான் தாய்நாட்டு மண்ணில் அடக்கம் பெற்றது. இறந்து 153 ஆண்டுகள்! பதனிடுதல் என்ற சொல்லை நாள்தோறும் கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்ப்புறத்தாருக்கு இந்த வரலாறு மற்றவர்க்கு உறைப்பதைவிடக் கூடுதலாக உறைக்கும்.

இனி அந்தச் சிறுமியின் சுண்ணாம்புக்கு வருவோம்.

மயிர் என்பது கெரட்டின் என்னும் புரதம். அப்புரத இழைகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாய்க் கைகோத்துப் பிணைத்து வைத்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுத்தால் மயிர் கூழாகும். சுண்ணாம்பின் காரம் மயிரை ஊதச் செய்து இளக்கும். ஆயினும் விரைவாய் அறுக்கக் கந்தகச் சேர்மம் ஒன்று துணை வேண்டும். ஆகவேதான் தோல்ஷாப்பில் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடையும் சேர்க்கிறார்கள். அதற்கு முன்னைய காலத்தில், மெல்லிய ஆட்டுத்தோலுக்குச் சுண்ணாம்போடு மனோசிலை சேர்த்தனர். அது ஆர்சனிக்கும் கந்தகமும் கூடிய கொடும் நஞ்சு. துருக்கிய நீராடு மண்டபங்களில் பெண்கள் பூசிய ருஸ்மா என்னும் களிம்பு என்ன? சுட்ட சுண்ணாம்பும் அரிதாரமும். அரிதாரமும் அதே ஆர்சனிக், அதே கந்தகம். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூலும், புண்ணைச் சுற்றிய மயிரை அகற்றச் சங்கு சுட்ட பொடியையும் அரிதாரத்தையும் சேர்த்துப் பூசச் சொல்கிறது. தொட்டியில் கிடந்த ஆட்டுத்தோலும் மண்டபத்தில் இருந்த சீமாட்டியின் தோலும் ஒரே மருந்தில் ஊறின.

இன்று மருந்துக்கடையில் வண்ணப் பெட்டியில் மணம் கலந்து விற்கும் மயிர்நீக்கிக் களிம்பைப் பாருங்கள். தயோகிளைகோலேட்டு என்று சிற்றெழுத்தில் அச்சிட்டிருக்கும். அதுவும் கந்தகச் சேர்மந்தான். கூடவே காரமும் உண்டு. ஆர்சனிக் நஞ்சு நீங்கியது. வேலை அதே வேலை. நம் தோலின் மேலடுக்கிலும் கெரட்டின் இருப்பதால், குறித்த நிமிடத்துக்கு மேல் வைத்தால் தோலையும் அரிக்கும். முழங்கையில் சிறிது தடவி ஒருநாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முகத்துக்கென்றே செய்ததாகவும் இருக்க வேண்டும். என் மாணவியின் கணக்கில் விடுபட்டது கந்தகம். கூடிப்போனது அரைமணி நேரம். கெரட்டின் பற்றி அவளுக்கு எவரும் சொல்லித்தரவில்லை. நானும்தான்.

படித்தவர்கள் இப்படி ஏமாறமாட்டார்கள் என்று எண்ணுவோர்க்கு அமெரிக்க நாட்டுச் செய்தி ஒன்று. 1895இன் இறுதியில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். மறு ஆண்டே வியன்னா நகர மருத்துவர் ஃபிராயிண்டு, முதுகில் மயிர் அடர்ந்த பெரிய மச்சம் கொண்ட சிறுமி ஒருத்திமேல் அக்கதிரைப் பாய்ச்சினார். மயிர் உதிர்ந்தது. புண்ணும் வந்தது, தழும்பு வாழ்நாள் முழுதும் நின்றது. முதற்பகுதி மட்டுமே வணிகர் காதில் விழுந்தது போலும். 1920களில் நியூயார்க்கு மருத்துவர் கெய்சர், முகமயிர் நீக்க எக்ஸ் கதிர்ப் பெட்டி ஒன்றை அமைத்தார். டிரைக்கோ என்று அதற்குப் பெயர். பெண் பெட்டியின் முன் அமர்ந்து கன்னத்தை அதன் வாயில் வைக்க வேண்டும்; சில நிமிடம்; வலி இல்லை, கத்தி இல்லை, மணம்கூட இல்லை. நகரந்தோறும் நிலையங்கள் முளைத்தன. ஆயிரக்கணக்கான பெண்கள், தட்டெழுத்தாளர், கடைப்பணியாளர், ஆசிரியைகள், சம்பளத்தில் மிச்சம்பிடித்துத் தவணை கட்டி அமர்ந்தனர். ஆண்டுகள் சென்றன. கன்னம் சுருங்கிற்று, தோல் வெளுத்துக் கறுத்துத் தடித்தது, பின் புண், சிலருக்குப் புற்று. அமெரிக்க மருத்துவச் சங்கம் கண்டித்தது. 1930ஐ ஒட்டி நிலையங்கள் மூடின. பலருடைய உடலில் நோய் தலைகாட்டியதோ கடைகள் மூடிய பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு! யாரிடம் போய் வழக்குரைப்பது? வழக்குரைக்கும்போது எதற்காகப் பெட்டி முன் அமர்ந்தேன் என்று ஊரறியச் சொல்ல வேண்டுமே! அந்த வெட்கமே வணிகனுக்குக் காவற்காரனாய் நின்றது.

கதிர் போயிற்று, களிம்பு வந்தது. 1930களின் தொடக்கத்தில் அங்கே கோரெம்லு என்றொரு களிம்பு விற்றனர். அதில் இருந்தது தாலியம் அசிடேட்டு. எலியைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு. முகத்தில் தடவிய பெண்ணுக்குத் தலைமயிரும் கொட்டிற்று, கால் மரத்தது, பார்வை குன்றிற்று. உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1938ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பிறக்கக் காட்டப்பட்ட சான்றுகளுள் இக்களிம்பும் ஒன்று. முகத்தில் மயிர் இருந்ததனால் செத்த பெண் எவளும் இல்லை. அதை ஒழிக்கப் போய்ச் செத்தவர்கள் உண்டு.

அப்படியானால் அந்த மயிர் ஏன் வளர்கிறது? சாமுத்திரிகம் விடை சொல்லாத கேள்வி இது. ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும், உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற சில இடங்கள் நீங்கலாக உடலெங்கும், மயிர்க்கால்கள் உண்டு. அவற்றில் பூனைமயிர் உண்டு. ஆண்களுக்குரியவை என்று நாம் பெயரிட்ட ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர்கள் பெண்ணுடலிலும் சிறிதளவு சுரக்கின்றன. சினைப்பையிலும் சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்த அட்ரினல் சுரப்பியிலும். அவற்றின் அளவு கூடினாலோ, அளவு சரியாயிருந்தும் மயிர்க்கால் கூர்மையாய் உணர்ந்தாலோ, பூனைமயிர் தடித்துக் கறுக்கிறது. சில குடும்பங்களில் இது பரம்பரை. உலகில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பெண்களுக்கு இந்நிலை உண்டு என்பது மருத்துவர் கணக்கு. இவர்களில் பெரும்பாலோர்க்கு அடிப்படை, சினைப்பை நீர்க்கட்டி என்று மக்கள் வழங்கும் நிலை. 1935இல் சிக்காகோவின் ஸ்டெயின், லெவெந்தால் என்னும் இருவர் அதை விரித்துரைத்தனர். மாதவிலக்குத் தவறும், பரு வரும், எடை கூடலாம், பின்னாளில் சர்க்கரை நோய்க்கும் வழிவகுக்கலாம். ஆக, மேலுதட்டு மயிர் சிலரிடம் ஒரு கடிதம். கடிதத்தைக் கிழித்துப் போடுவதிலேயே கருத்தாயிருந்தவர்கள் அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. திடீரென்று சில மாதங்களுக்குள் மயிர் அடர்ந்து, குரலும் கனத்து, முன்தலை வழுக்கையும் விழுந்தால், அது அவசரக் கடிதம். சுரப்பியில் கட்டி இருக்கலாம். ஒரு வாரமும் தாழ்த்தக் கூடாது.

படிப்பதற்கு ஆள் வேண்டுமே! எங்கள் இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். இளம்பெண்ணாய்த் திண்டிவனத்தில் தந்தையோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிள்ளைப்பேற்றில் துடிக்கும் தம் மனைவியர்க்கு உதவுமாறு அவரை அழைத்தனர். நான் மருத்துவம் படித்தவள் அல்லள், என் தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் அவர். ஆடவன் கைபடுவதைவிடச் சாவதே மேல் என்று திரும்பினர். மூவரும் மாண்டனர். அந்த இரவே தம்மை மருத்துவராக்கியது என்பது ஐடா பின்னாளில் கூறியது. 1918இல் அவர் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தார். பேற்றுவலியில் உயிர் போகும் நேரத்திலேயே மருத்துவனிடம் வாய் திறவாத சமுதாயம், தாடையில் நாலு மயிர் வளர்ந்ததற்கா வாய் திறந்திருக்கும்?

இனி என்ன செய்யலாம் என்பது. ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு வழி, குற்றமன்று. சீக்கிய மரபில் வந்த ஆங்கில நாட்டுப் பெண் ஹர்னாம் கௌர், தம் தாடியை மழிக்காமலே வாழத் துணிந்தார். நீக்க விரும்புகிறவள் மழித்துக்கொள்ளலாம். மழித்தால் தடித்து வளரும் என்பது பாட்டிமார் முதல் பட்டதாரி வரை நம்பும் பொய். 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் அதை ஆய்ந்து, தடிப்பும் வேகமும் மாறுவதில்லை என்று காட்டினார். வெட்டிய முனை மழுங்கலாய் இருப்பதால் தடவும்போது முள்ளாய்த் தோன்றுகிறது, அவ்வளவே. நூலால் எடுப்பதும் முள்வாங்கியால் பிடுங்குவதும் சில வாரத்துக்குப் பயன் தரும். மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், பயற்றமாவு ஆகியன தோலுக்கு இதமாகலாம். சுரப்பியின் ஆணைக்கு ஆடும் வேரை அவை ஒழித்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை.

வேரையே தொடும் வழிகளும் உண்டு. மின்னூசி முறை 1875இல் செயின்ட் லூயி நகரக் கண் மருத்துவர் மிக்கேல், கண்ணுக்குள் மடங்கி உறுத்தும் இமைமயிரை அழிக்கக் கண்டது. மயிர் மயிராய்ச் செய்ய வேண்டும், பொறுமை வேண்டும், நிலையான பயன் உண்டு. லேசர் 1990களில் வந்தது. நம் போன்ற கருநிறத் தோலுக்கு எல்லா லேசரும் பொருந்தா. ஒளி மயிரின் கருமையைத் தேடிப்போகும்போது தோலின் கருமையிலும் இறங்கிச் சுடும். ஆதலால் நீண்ட அலைநீளக் கருவி வேண்டும், கற்ற கை வேண்டும். நம்மவர் சிலர்க்கு லேசர் பட்ட இடத்தைச் சுற்றி மயிர் கூடுதலாய் முளைப்பதும் உண்டு. தெருமுனை நிலையத்தின் விளம்பரப் பலகையில் இது எழுதியிராது. சுரப்பியைச் சீராக்கும் மாத்திரைகளை மருத்துவர் ஆய்ந்து தருவர். அவற்றுள் சில கருவுற்ற காலத்தில் ஆகா. மயிரின் வாழ்வு நீண்டதாகையால் ஆறு திங்களேனும் பொறுத்தால்தான் மாற்றம் தெரியும். எடை மிகுந்தவர்க்கு எடை குறைத்தலும் மருந்தே.

2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 591 பெற்று மாநிலத்தின் முதல் மாணவியாய் வந்தாள் ஒரு சிறுமி. செய்தித்தாளில் படம் வந்தது. நாடெங்கும் படித்த ஆடவரும் பெண்டிரும் அந்த 591ஐ விட்டு அவள் மேலுதட்டைப் பார்த்து எள்ளினர். அவளுக்குப் பரிந்து பேசுவதாய்ச் சொல்லிக்கொண்டு சவரக்கத்தி நிறுவனம் ஒன்று விளம்பரமும் போட்டது! லெந்த் மறையவில்லை, தோழர்களே, சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் சிறுமிக்கு வருவோம். புண் ஆறியது, சிறு நிறமாற்றம் மட்டும் நின்றது. அவளையும் அவள் தாயையும் பேருந்தில் வேலூருக்கு அழைத்துச் சென்றேன். பார்க்கப்போவது பெண் மருத்துவரா என்று அந்த அம்மையார் வாலாஜாவில் ஒருமுறை கேட்டார். ஆர்க்காட்டில் ஒருமுறை கேட்டார். பெண் மருத்துவரே பார்த்தார். மாதவிலக்குப் பற்றி, குடும்பம் பற்றி, ஒவ்வொன்றாய்க் கேட்டார். உங்கள் வீட்டில் வேறு யாருக்கேனும் இப்படி உண்டா என்றபோது தாய் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, தேய்ந்து பளபளத்த முள்வாங்கி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். இருபது ஆண்டாய் விடியற்காலையில், எவரும் எழுமுன், அடுப்பு வெளிச்சத்தில் தாடையைத் தடவித் தடவிப் பிடுங்கி வந்திருக்கிறார். கணவர் அறியார். மகளும் அன்றுதான் அறிந்தாள்.

"சொல்லியிருந்தா நான் சுண்ணாம்பு வெச்சிருக்க மாட்டேனேம்மா" என்றாள் மகள்.